காய்ச்சல் என்று சொன்னது

அன்பு மருமகளே,

கர்த்தர் கிருபையால் நானும் உன் புருஷனும் சுகம். பேத்தியின் இருமல் நின்றதா? இந்த மீட்பு இல்லத்தில் அவன் குடியை விட்டு நாற்பது நாள் ஆகிறது. என் சமையல் வேலையும் நடக்கிறது.

பயப்படாதே, சின்ன விஷயம்தான். நேற்று ஜெபக் கூட்டத்தில் குடும்பத்தாரும் எழுந்து மனதைத் திறந்து பேச வேண்டுமாம். அவன் உடைத்த தட்டிலிருந்து விற்ற சைக்கிள்வரை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். போதகர், "அம்மா, அதெல்லாம் அவரே சொல்லிட்டாரு. உங்க பாவத்தச் சொல்லுங்க" என்கிறார்!

"முப்பது பேருக்குப் பொங்கிப் போடுறதா பாவம்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் புருஷன் மட்டும், "காய்ச்சல்னு சொன்னியே, அதச் சொல்லும்மா" என்றான். எனக்கு மானம் போயிற்று. அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று சமையலறைக்கு ஓடி வந்துவிட்டேன்.

கல்யாணமான புதிதில் அவன் குடித்துவிட்டுக் கிடந்தபோதெல்லாம் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னது நான்தான். நீ நம்பி நெற்றியில் ஈரத்துணி போட்டாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை அவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஏமாந்தவள் நீ. உன்னிடமே சொல்கிறேன்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு, அரிசியில் கல் தெரியவில்லை. பேத்தி கையால் இரண்டு வரி எழுதி வாங்கி அதோடு வை. நீயும் எழுது. திட்டியாவது எழுது.

உலை கொதிக்கிறது.

அத்தை