ஆரஞ்சு நிறப் பேடு

நாமக்கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

தனப்பிரியா வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். அத்தையின் போனில் பேசினால் மாமாவுக்குக் கேட்டுவிடும். அதனால் எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

மாமாவின் கார் பாலிஷ் கடையில் ஞாயிறுதோறும் பாலிஷ் மிஷினில் மாட்டித் தேய்க்கும் வட்டப் பஞ்சை, அதாவது பேடை, எடுத்துக் கொடுப்பது என் வேலை. பழைய பெட்டியில் ஆரஞ்சு நிறப் பேடு மென்மையானது. புதுப் பெட்டி வேறு கம்பெனி. அதில் ஆரஞ்சுதான் முரடு! ஆளுக்கொரு நிறம் வைத்தால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? விரலால் அமுக்கிப் பார்க்காமல், பழைய நினைப்பில் புது ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

“நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும், சாமி” என்று கடையில் மிஷின் ஓட்டும் ஆரோக்கியம் அண்ணன் அதை மாட்டி ஓட்டினார். கறுப்புக் காரின் கதவு முழுக்க வட்டவட்டமாகக் கீறல்.

“கண்ணை எங்கப்பா வெச்சிருந்த? நாளைக்கு வராத” என்று மாமா அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, “என் தப்புதானுங்க” என்றார். நான் வாயே திறக்கவில்லை.

தப்பு என்னுடையது என்று காலையில் மாமாவிடம் சொல்லிவிடுவேன். மாமா கோபத்தில் என்னை அனுப்பிவிட்டு, இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே ஆத்தூர் வந்து சேர்ந்தால் திட்டாதீர்கள். வராவிட்டால், என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள்.

அத்தை எழுந்துவிட்டார்.

உங்கள் பிரியா