மடியில் வரும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை

3 செப்டம்பர் 1996, செவ்வாய்

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் இந்த மன்னிப்பை? கல்லூரி விடுதியிலிருந்து அண்ணனுக்குக் கடிதம் எழுதிய நாளில் பிடித்த பழக்கம், விடமாட்டேன் என்கிறது. பாப்பா தூங்கினால்தான் என் கை எனக்குக் கிடைக்கிறது.

எஸ்டேட் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க என் வீட்டுக்காரர் இன்று சிரம்பான் டவுனுக்குப் போய்வந்தார். கல்யாணம் அவர்களுடையது, சேலை அவர்களுடையது, கிரெடிட் கார்டு மட்டும் எங்களுடையது. கடையில் இவர் கார்டை நீட்டுவார். சம்பள நாளில் அவர்கள் இவர் கையில் ரொக்கமாகக் கொடுப்பார்கள். செலவு செய்யச் செய்ய விமானக் கம்பெனிக்காரன் எங்கள் கணக்கில் மைல் ஏற்றுவான். மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட். சைக்கிளோ தையல் மெஷினோ, இந்த எஸ்டேட்டில் யார் எதை வாங்கினாலும் இவர், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம், கூடவே போகிறார். 'கார்டு கிராணி' என்றே பேராகிவிட்டது.

சன்னாசி வாசலில் நின்று கேட்டார்: "என்னா டீச்சர், வீட்டுக்காரரு இப்ப எத்தினியாவது கட்டையில நிக்கிறாரு? இந்தியா கண்ணுக்குத் தெரியுதா?"

கட்டை என்றால் இங்கே மைல். சிரித்துவைத்தேன். எனக்கும் ஆசைதான். பாப்பா பிறந்ததிலிருந்து இவர் சொல்லிவருகிறார்: நீயும் நானும் பழனிக்குப் போறோம், பாப்பா மடியில வரும், மடியில வர்ற புள்ளைக்கு சீட்டு வேணாம். அங்கே வேண்டுதல் மொட்டை, காதுகுத்து. பாப்பாவுக்குப் பதினோராம் மாதம் முடிவதற்குள்.

8 செப்டம்பர்

என் சம்பளம் முழுக்க கார்டு பில்லுக்குப் போயிற்று. எனக்கும் ஒரு கார்டு உண்டு, என் பெயரே அடித்தது. ஆனால் அது இவர் கார்டின் வால். நான் வாங்கும் பால்மாவுக்கும் மைல் இவர் பெயரில்தான் ஏறும். அதனால் என்ன, ஒரே வீடுதானே என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

பாப்பாவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல், உடம்பு அனலாகக் கொதித்தது. பக்கத்து ஊர் லிங்கியில் கிளினிக் திறந்திருந்தது, நான் கண்ணால் பார்த்தேன். இவர் நிறுத்தவில்லை. கார் அதைத் தாண்டிப் போனது. ஏங்க, ஏங்க என்று தோளைத் தட்டினேன். "அங்க கார்டு எடுக்கமாட்டான் லா. சிரம்பான்ல எடுப்பான்."

சிரம்பான் எவ்வளவு தூரம்! மடியில் பிள்ளை நெருப்பாகக் கிடக்கிறாள், இவருக்கு மைல். டாக்டர் ஊசி போட்டார். இவர் கவுண்டரில் கையெழுத்துப் போட்டு, ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போவமா என்றார்.

வலிப்பு வந்திருந்தால்? வழியில் வந்திருந்தால் என்னடா செய்திருப்பாய்?

16 செப்டம்பர்

காய்ச்சல் விட்டது. நான் இவரோடு பேசவில்லை. இவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

29 செப்டம்பர், ஞாயிறு

மைல் சேர்ந்துவிட்டது. இரண்டு டிக்கெட்டுக்குச் சரியாக. கோழி அடித்தோம். சாப்பிட்டுக்கொண்டே மாமியார் தாயம்மா சொன்னார்கள், ஊறுகாய் எடு என்பது போல:

"நானும் மவனும் போயிட்டு வர்றோம். புள்ள மடியில வரும். நீ பள்ளிக்கூடத்தப் பாத்துக்க."

விளையாட்டு என்று நினைத்தேன். இவர் முகத்தைப் பார்த்தேன். எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் வந்து கேட்டபோது, அம்மாவுக்கு வயசாச்சு மயிலு, நீ சின்னவ, உனக்கு அடுத்த வருசம் சேத்துடலாம் என்கிறார். பாப்பா இன்னும் பால் குடிக்கிறாளே என்றேன். அதுக்குத்தான் இன்னும் நாள் இருக்கே, மறக்கடி என்கிறார்.

மறக்கடிக்க வேண்டுமாம். யாரை?

6 அக்டோபர்

மூன்றாவது டிக்கெட்டை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எதில் வாங்குவாய் என்று கேட்டார். உண்மைதான். கார்டில் இனி இடமில்லை, கையில் ரொக்கமில்லை. மைலுக்காக வாங்கிய, சட்னி அரைக்கும் மிக்சர் ஒன்றுக்கு இரண்டாக அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டேன். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். என் அண்ணன் ஆறுமுகம் இங்கே கோலா கிளாவாங்கில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அவள் பிறந்த அன்றே பத்தரிடம் தோட்டுக்குச் சொல்லிவைத்தவன். அவன் இல்லாமல் பழனியில் யார் மடி?

மாமியாரிடம் பதில் தயாராக இருந்தது. "அங்க எங்கண்ணன் மவன் இருக்கான். அவனும் மாமன் மொறைதான். லாரிக்காரன் மடியில உக்காந்துதான் எம் பேத்தி காது குத்தணுமா?"

இப்போது புரிகிறது. வேண்டுதலும் இல்லை, வயதும் இல்லை. கல்யாணத்தன்று அண்ணன் எண்ணெய்க்கறைச் சட்டையோடு வந்து நின்றதை இந்தம்மா இன்னும் மறக்கவில்லை. அவன் மடியில் பிள்ளை உட்கார்ந்தால் நாலு பேர் முன்னால் அவனுக்கு மாலை போட வேண்டும். அதைத் தவிர்க்கக் கடல் தாண்டுகிறார்கள். என் சம்பளத்தில்!

13 அக்டோபர், ஞாயிறு

மேசையில் வேப்பெண்ணெய் புட்டி. மாரில் தடவிக்கொள்ள வேண்டுமாம், பிள்ளை தானாக ஒதுங்கிவிடுமாம். கொல்லையில் கொட்டினேன். சாயங்காலம் வேறு புட்டி இருந்தது.

20 அக்டோபர், ஞாயிறு

டிக்கெட் வந்துவிட்டது. இரண்டு பெயர். பாப்பாவின் பெயரை இவர் பாஸ்போர்ட்டில் சேர்த்தும் ஆயிற்று, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஐந்து வாரம். சேர்த்துவைத்த லீவு அத்தனையையும் எடுக்கிறார்.

ராத்திரி அழுதால் யாரைத் தேடுவாள்? தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால்? அங்கே எந்த டாக்டர் கார்டு எடுப்பான் என்று விசாரித்து வைத்திருக்கிறாரா?

நான் அவளைக் கொடுக்கமாட்டேன். எப்படி என்று தெரியவில்லை. கொடுக்கமாட்டேன்.

27 அக்டோபர், ஞாயிறு

செய்துவிட்டேன்.

சந்தைக்கு என்று சொல்லி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சிரம்பானில் மாறி கோலா கிளாவாங். மலை வளைவில் வாந்தி எடுத்தாள். நான் சொல்லியனுப்பியபடியே கோயிலில் அண்ணன் வேட்டி கட்டி, தலை படிய வாரி நின்றான். பக்கத்தில் பத்தர். மாப்பிள வரலையா என்று கேட்டான். ஆபீஸ் வேலை என்றேன்.

"ஒன் மாமியாருக்குத் தெரியுமா மயிலு?"

"நீ உக்காருண்ணே."

உட்கார்ந்தான். அவள் வீறிட்டபோது அவனும் கண்ணை மூடிக்கொண்டான். இவ்வளவு பெரிய உடம்பு, லாரி ஓட்டுகிறவன். சின்னக் காதில் சின்னத் தோடு. மாலையை நானே அவன் கழுத்தில் போட்டேன். நாலு பேர் இல்லை. பூசாரி ஒருவர்தான் பார்த்தார். போதும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கண் நேரே காதுக்குப் போயிற்று. கத்துவார்கள் என்று நினைத்தேன், கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்கள்: "காதுதானே போச்சு. முடி இருக்குல்ல. மொட்டைய அங்க போட்டுக்குறோம்."

பாப்பாவின் தொப்பியைக் கழற்றினேன். மண்டை முழுக்கச் சந்தனம்.

இவர் உள்ளேயிருந்து வந்தார். பிள்ளையின் காதைப் பார்க்கவில்லை, தலையைப் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்து டிக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் அச்சடித்ததைப் படித்தார். "எடுத்த மைல் திரும்பி வராது" என்றார். இத்தனை நாளில் இவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

ஐயோ என்று தோன்றவில்லை எனக்கு. தோன்றியிருக்க வேண்டுமோ?

10 நவம்பர்

தீபாவளி. முறுக்கு சுட்டேன். யாரும் அதைத் தொடவில்லை. பாப்பாவின் இடது காது வீங்கி நீர் கோத்திருக்கிறது. நான்தான் செய்தேன், நான்தான் என்று மஞ்சள் தடவிக்கொண்டே அழுதேன்.

17 நவம்பர், ஞாயிறு

இருவரும் போய்விட்டார்கள், பாப்பா இல்லாமல். அவர்கள் மைல், அவர்கள் பழனி.

வாசலில் கார் வந்து நின்றபோது மாமியார் சொன்னார்கள், இவர் காதில் விழும்படி: "நாங்க திரும்பி வரும்போது நீ இந்த வீட்ல இருக்கக் கூடாது."

இவர் குனிந்து பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தார். காரில் ஏறிப்போனார்.

24 நவம்பர்

பள்ளி விடுமுறை. பாப்பாவின் துணி ஒரு பையில், என் துணி ஒரு பையில். அண்ணன் எஸ்டேட் ரோட்டுக்கே லாரியைக் கொண்டுவந்துவிட்டான். லயத்து வீட்டு வாசல்களிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் கார்டை இரண்டாக வெட்டி மிக்சர் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

3 டிசம்பர், செவ்வாய், கோலா கிளாவாங்

இவர் கடிதம் எஸ்டேட்டுக்கு வந்து, சன்னாசி கையால் இங்கே வந்தது. அம்மாவுக்குப் படி ஏற முடியவில்லையாம், கீழேயே உட்கார்ந்துவிட்டாராம். மாமன் மகன் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டானாம். கடைசியில், வேறு பேனாவில், ஒரே வரி: பாப்பா காது ஆறிவிட்டதா?

என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. கிழிக்கத்தான் எடுத்தேன். அந்த வரிக்காகக் கிழிக்கவில்லை. பதில் எழுதியிருக்கிறேன், காலையில் போடுவேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன், பிறகு நான் மாற்றிச் சொல்லக் கூடாது அல்லவா:

"காது ஆறிவிட்டது. இன்னும் பால் குடிக்கிறாள். இரண்டு எட்டு நடந்தாள், நீங்கள் பார்க்கவில்லை. நாங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். இங்கேயே பள்ளியில் இடம் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். புறப்படும்போது வாசலில் அத்தை சொன்னது உங்கள் பேச்சும்தானா? இல்லை என்றால் தனியாக வந்து, என் அண்ணனிடம் கேட்டு எங்களைக் கூட்டிப் போங்கள். ஆமாம் என்றால் வர வேண்டாம். எதுவானாலும் சீக்கிரம் பதில் போடுங்கள்."