ஒப்புக்கொடுத்த கால்வலி

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்
18 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஜாக்குலினுக்கு அக்கா இன்பமேரி எழுதுவது.

மலைக்குளிரில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் நலம் என்று எழுதினால் அந்தப் பொய்க்குச் சாமியாரிடம் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். போனில் பேசினால் ஐந்து நிமிஷ வேலை. உங்கள் மடத்தில் போனும் கிடையாது, நீங்கள் கதவைத் தாண்டி வெளியே வரவும் கூடாது. அதனால் பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

சர்க்கரை நோயோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன். இந்தக் கொழுப்புதான் என்னைப் படுத்துகிறது. அதைக் குறைக்க டாக்டர் கொடுத்த மாத்திரையில் தொடையும் கெண்டைக்காலும் அடித்துப் போட்டது போல் வலித்தன. சொன்னேன், வேறு மாற்றினார். அதிலும் வலி. மறுபடி சொன்னேன், அதையே பாதியாகக் குறைத்திருக்கிறார். இன்னும் வலிக்கிறது. திரும்பத் திரும்பப் போய் "இதுவும் ஒத்துக்கலீங்க" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்தார்கள், கொழுப்புக்காகக் கறியை. தட்டில் மிச்சம் கீரைதான். "மேரி, ஊருக்கெல்லாம் நாப்பது நாளு, உனக்கு வருஷம் பூரா தவக்காலம்" என்று என் வீட்டுக்காரர், உன் சவரியார் மாமா, சிரிக்கிறார். அவருக்கென்ன, எலும்புக்குழம்பு தனியாக வைத்துக் கொடுக்கிறேன்.

மாத்திரையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. ஆனால் அப்பா பூசை நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததை நாம் இரண்டு பேரும் பார்த்தோமே. நிறுத்தப் பயம், விழுங்க அலுப்பு. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மகன் ரூபனுக்கும் மருமகள் சோபியாவுக்கும் இன்னும் குழந்தை இல்லை. அவர்களையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் அக்கா,
இன்பமேரி


மடம், கூடலூர்
1 மார்ச் 2025

கிறிஸ்துவில் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கறியைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன், பிறகு வருத்தமாக இருந்தது.

மாத்திரையை நிறுத்தாதே. அப்பாவின் இரத்தம்தான் நம் உடம்பிலும் ஓடுகிறது. வலியைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்கிறேன். புதன்கிழமை சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்குகிறது. இந்த முறை அந்தக் கால்வலியை ரூபன், சோபியாவின் குழந்தை வரத்துக்காக ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. வாயைத் திறந்து சொல்லாமல் தாங்கும் வலிக்குப் பலன் அதிகம் என்பார்கள் எங்கள் மூத்த சகோதரிகள்.

தவக்காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வருவதைப் படிப்பதும் இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு எழுதுகிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
ஜாக்குலின்


கொண்டப்பநாயக்கன்பட்டி
12 ஏப்ரல் 2025

ஜாக்குலினுக்கு,

இதை நீ ஈஸ்டருக்குத்தான் படிப்பாய் என்று தெரியும். உங்கள் மடத்துத் தாயார் முதலில் பிரித்துப் படிப்பார்கள் என்றும் தெரியும். படிக்கட்டும்.

நீ சொன்னபடி செய்தேன். போன மாதம் டாக்டர், "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "இல்லீங்க டாக்டர், நின்னு போச்சு" என்றேன். அவருக்குச் சந்தோஷம். அப்படியானால் பழைய அளவுக்கே போகலாம் என்று மாத்திரையை முழுசாக்கினார். அதையும் வாங்கிக்கொண்டு வந்து விழுங்கினேன். படி ஏற முடியவில்லை. தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சிலுவையடியில் வைத்தேன்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, கோயிலில் சிலுவைப்பாதை. பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஆண்டவர் உயிர்விடும் இடத்தில் எல்லோரும் முழந்தாளிட்டோம். அவர்கள் எழுந்தார்கள், நான் எழவில்லை. கால் என்னுடையதாகவே இல்லை. நான் பக்தியில் உருகிப்போயிருக்கிறேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த ராஜம்மாள் மற்றவர்களை ஓசைப்படாமல் விலக்கிக் கூட்டிப் போனாள். கடைசிப் பாட்டு முடியும் வரை அங்கேயே கிடந்தேன். மாமா வந்து, "எந்திரி மேரி, கோயிலப் பூட்டப் போறாங்க" என்று தோளைத் தொட்டதும் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரையால் தசை கரைந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கப் பார்த்ததாம். பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, வலிக்குதுன்னு நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?" என்றார். இந்த வகை மாத்திரையே இனி எனக்கு ஆகாது. கொழுப்பைக் குடலிலேயே தடுக்கும் வேறு மாத்திரை இருக்கிறதாம். உடம்பு தேறியதும் அதைத் தொடங்கலாம் என்றார். அதுவும் போதாவிட்டால் ஊசி. இன்சுலின் குத்திக்கொள்கிறவளுக்கு ஊசி என்ன பெரிய விஷயம்? இதையெல்லாம் முன்பே கேட்டிருக்கலாம்.

சோபியாதான் என்னை விடவில்லை. "எங்களுக்காகவா அத்தை தாங்குனீங்க? எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்க உசுர வாங்கிட்டு ஒரு கொழந்தை எனக்கு எதுக்கு?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உன்மேல் எனக்குக் கோபம். பெரிய கோபம். நீ ஜெபம் செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இனி எனக்குப் புத்தி சொல்லி எழுதாதே. நலமா என்று கேட்டால் போதும். அதுவும் முடியாது என்றால் எழுதவே வேண்டாம்.

இன்பமேரி


மடம், கூடலூர்
22 ஏப்ரல் 2025

அக்கா,

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து தாயார் உன் கடிதத்தைத் தந்தார்கள். தோட்டத்தில் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் உட்கார இடம் தேட வேண்டியதாயிற்று.

புத்தி எதுவும் சொல்லப்போவதில்லை. உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். போன வருஷம் எனக்கும் இரத்தத்தில் அதே கொழுப்பு என்றார்கள். மடத்துக்கு வரும் டாக்டர் மாத்திரை கொடுத்தார். கிறிஸ்துமஸ் முதல் எனக்கும் அதே வலி. கோயிலில் முழந்தாளிட்டால் பக்கத்துச் சகோதரியின் கையைப் பிடித்துத்தான் எழுகிறேன். குளிர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நான் தாங்குவதால் நீயும் தாங்குவாய் என்று நினைத்துவிட்டேன்.

உன் கடிதத்தைத் தாயாரிடமே திருப்பிக் கொடுத்து, "எனக்கும் இதேதான்" என்றேன். உடனே வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நாளைக் காலையில் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். இங்கே வந்த பிறகு அந்தக் கதவைத் தாண்டி நான் வெளியே போவது இதுதான் முதல் தடவை. டாக்டரிடம் என்னவென்று சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது? உனக்குப் பழக்கம், எனக்கு இல்லை.

நீ எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. ரொம்ப வலிக்குது அக்கா.

ஜாக்குலின்