டிராயரில் கிடந்த பிலிம்

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் என் புரதச் சோதனை பிலிம் முழுக்கக் கறுப்பு, பட்டையே தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரி தன்னுடையதைத் தூக்கிக் காட்டினாள். பளிச்சென்று ஒற்றைப் பட்டை. அவள் வந்து ஏழு மாதம். நான் வந்து நான்கு வருடம். ஆய்வகத் தலைவர், "இதத்தான் கேட்டுட்டே இருந்தேன்" என்றார். யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்? என்னிடம்தான்.

மார்ச் 5
வயிறு எரிகிறது. வேறொன்றும் எழுத இல்லை.

மார்ச் 8, சனி
கணவரிடம் புலம்பினேன். செல்லுக்குள் செய்தி போகும்போது புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டும், ஒட்டிய புரதத்தை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி வேண்டும், ஒட்டாததையும் பிடித்தால் பட்டைக்கு அர்த்தமே இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல எது ஒட்டுச்சோ தெரியல, உன் மண்டைல அந்தப் பொண்ணு ஒட்டிக்கிச்சு" என்றார். நான் சிரிக்கவில்லை.

அவளுடைய ஆன்டிபாடி எல்லாவற்றையும் பிடிக்கிறதென்றால்? அவள் சோதிக்கவே இல்லையே.

மார்ச் 11
அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஃப்ரீசரைத் திறந்து, அவள் குழாயிலிருந்து எடுத்தேன். நோயாளிகள் கொடுத்த திசுவைக் கரைத்த மாதிரி. அடியில் கொஞ்சம்தான் இருந்தது, முக்கால்வாசியை எடுத்துவிட்டேன்.

மார்ச் 13
ஒரு பாதியில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியைச் சேர்த்தேன். மறுபாதி அப்படியே. இரண்டிலும் அவள் ஆன்டிபாடியையே போட்டேன். கழற்றிய பிறகும் பட்டை தெரிந்தால் அவள் கதை முடிந்தது.

தெரியவில்லை. சுத்தமாக மறைந்துவிட்டது. கழற்றாததில் மட்டும் அதே பளிச். அவள் சரி.

நான்கு வருடத்தில் நான் எடுத்த அழகான பிலிம் இதுதான் — அதுவும் அவளுக்குச் சாதகமாக. டிராயருக்குள் அடியில் தள்ளினேன்.

ஏப்ரல் 22
அவள் கட்டுரைக்கு இதழிலிருந்து பதில். மதிப்பீட்டாளர் கேட்டிருப்பது அதே சோதனை. அது இல்லாமல் வெளியிட மாட்டார்களாம். அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றாள். "இன்னும் இருந்துச்சே. நல்லா ஞாபகம் இருக்கே" என்றாள். என்னைச் சந்தேகப்படவில்லை, தன்னையே சந்தேகப்பட்டாள். அந்தத் திசு மறுபடி கிடைக்க ஒரு வருடமாவது ஆகும்.

ஏப்ரல் 23
காய்ச்சலென்று லீவு போட்டேன். சொல்லாமலே இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? சீ. எப்படிடி உன்னால இப்படி யோசிக்க முடியுது?

ஏப்ரல் 24
பிலிமைக் கொடுத்துவிட்டேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எப்போ பண்ணீங்க?"

உதவி செய்யத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "மார்ச்ல. உன்னோடது தப்புன்னு காட்டறதுக்காக."

அவள் கத்தியிருந்தால் தேவலை. "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்றாள்.

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்; கொடுத்தேன். கட்டுரையில் என் பெயர் வேண்டாம் என்றேன். செய்தவள் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்னது அவள்தான்.

மே 30
கட்டுரை ஏற்கப்பட்டது. மூன்றாவது பெயர் என்னுடையது. எல்லோரும் கை கொடுத்தார்கள். அவள் கொடுக்கவில்லை.

ஜூன் 9
ஃப்ரீசரில் அவள் பெட்டிக்குச் சின்னப் பூட்டு. வலித்தது. கேட்க எனக்கு வாயில்லை.

ஜூன் 18
அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போனவள் திரும்பி வந்து, சாவியை என் மேசையில் வைத்தாள். "மூணாவது குழாய நாளைக்குச் சோதனைல ஓட்டிருங்க. அஞ்சு மைக்ரோலிட்டர் போதும். அஞ்சுதான்."

ஜூன் 19
ஐந்துதான் எடுத்தேன். பெட்டியைப் பூட்டிவிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.