பிளேன் டிக்கெட்டை விட்டுவிடு

கிழக்கு தாம்பரம்
10-12-1973

அன்புள்ள மகள் ஹில்டாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே என் வலது காதைத் தவிர எல்லோரும் சுகம். உன் காது இரண்டும் சுகமாயிருக்க வேண்டுமென்றுதான் இதை எழுதுகிறேன். ஜலதோஷம் விடவேயில்லை, ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு டெல்லியிலிருந்து பிளேனில் வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. டிக்கெட் எடுத்து அனுப்பியவனும் நான்தான், வராதே என்பவனும் நான்தான், காரணத்தைக் கேள். போன மாதம் பாய்லர் பிரஷர் கேஜ் சரிபார்க்க என்னை பம்பாய்க்கு அனுப்பினார்கள். மீனம்பாக்கத்தில் ஏறும்போதே மூக்கு அடைத்து கர்ச்சீப் தொப்பலாகிவிட்டது. ஏர்ஹோஸ்டஸ் தட்டில் பெப்பர்மின்ட் நீட்டினாள், நான் என்ன சின்னப் பிள்ளையா என்று வேண்டாமென்றேன். மேலே போகும்போது ஒன்றுமில்லை. பம்பாயில் இறங்க ஆரம்பித்ததும் காதுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகுவது போல வலி. பக்கத்து சீட்டில் கஸ்தூரிரங்கன் என்று ஒரு பாங்க் ஆபீசர், எச்சிலை முழுங்குங்க சார், கொட்டாவி விடுங்க சார் என்றார். நான் கேட்பேனா? அந்த வலியிலும் அவருக்குப் பாடம் நடத்தினேன். மூக்குக்கும் காதுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய், அதில் சளி அடைத்திருக்கிறது, பாக்டரியில் கேஜுக்குப் போகிற குழாய் அடைத்தால் காற்றடித்துத் தள்ளிவிடுவோம், இதோ பாருங்கள் என்று மூக்கைப் பிடித்து வாயை மூடிக்கொண்டு பலங்கொண்ட மட்டும் ஊதினேன். உள்ளே டப்பென்றது. நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு கைக்குழந்தை பால்புட்டியைச் சப்பிக்கொண்டு ஜம்மென்று தூங்கியது.

வெட்கத்தில் உனக்கு எழுதவில்லை. செவிப்பறை கிழிந்திருக்கிறது, ஆறலாம், ஆறாமலும் போகலாம் என்கிறார் காது டாக்டர். ஊரில் உள்ள கேஜையெல்லாம் சரிபார்க்கிற மனுஷனுக்குச் சொந்தக் காதை வைத்துக்கொள்ளத் தெரியலையே என்று உன் அம்மா பால்காரனிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. சர்ச் பாடகர் குழுவில் ஞானஜோதி மாஸ்டர், இந்த வருஷம் வாயை மட்டும் அசையுங்க எலியேசர், சத்தம் வேணாம் என்கிறார். எனக்கு ஒரு காது போதும், கேஜைக் கண்ணால் பார்த்துப் பிழைத்துக்கொள்வேன். நீ ட்ரங்க் டெலிபோன் ஆபரேட்டர். உனக்குச் சோறு போடுவதே காதுதான்.

ஆகவே, பயணத்துக்கு முன்னால் ஜலதோஷம் அடியோடு போய்விட்டதென்று டாக்டர் சொன்னால் மட்டும் பிளேன். அப்போதும் பெப்பர்மின்ட் தந்தால் வாங்கி வாயில் போடு, இறங்கும்போது தூங்காதே, அடிக்கடி முழுங்கு, உன் அப்பன் மாதிரி ஊதித் தொலைக்காதே. கொஞ்சம் மூக்கடைப்பு இருந்தாலும் டிக்கெட் போனால் போகிறது, ரயிலேறு. டெல்லியில் தேவானந்தம் மாமா ரயில்வேயில்தானே இருக்கிறார், எப்படியாவது இடம் பிடித்துத் தருவார். என் மகள் பிளேனில் வருகிறாள் என்று தெருவெல்லாம் நான் அடித்த தம்பட்டத்தை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ரயில் தாமதமாகி கிறிஸ்துமஸ் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, நீ வந்தபிறகே கேக் வெட்டுவோம். அம்மா புலம்புவாள், எனக்குப் பாதிதான் கேட்கும்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்ப்பாராக. அம்மாவின் முத்தங்கள். காலையில் வெந்நீர் குடி, தலைக்குக் குளிக்காதே. ரயிலென்றால் தந்தி கொடு, சென்ட்ரலுக்கு வந்து நிற்பேன். கூட்டத்தில் தூர நின்று அப்பா அப்பா என்று கத்திவிட்டு, திரும்பவில்லையென்று கோபித்துக்கொள்ளாதே. கிட்டே வந்து சட்டையைப் பிடித்து இழு.

இப்படிக்கு,
உன் அப்பா
எலியேசர்