ஆணி விதைத்த காணி

லெஸ்ரர், இங்கிலாந்து
10.03.2024

அன்புத் தங்கச்சி மேனுகாவுக்கு,

சுகமா? போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்பார். அதனால்தான் கடிதம். அவருக்குக் காட்டாதே.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புது விளையாட்டுத் தொடங்கியிருக்கிறேன். உலோகம் தேடும் மெஷினோடு வயல்களில் நடப்பது. சிரிக்காதே, இதற்கென்று ஒரு சங்கமே உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் பாடம் எடுத்தார்கள். காணிக்காரரைக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. படலையைத் திறந்தால் சாத்த வேண்டும். தோண்டிய குழியை, தோண்டியதே தெரியாதபடி மூட வேண்டும். குப்பை வந்தால் திரும்ப மண்ணுக்குள் போடாமல் எடுத்துப்போக வேண்டும். பெறுமதியான பொருளென்றால் மறைக்காமல் காணிக்காரரிடம் காட்ட வேண்டும். இதுவரை எனக்குக் கிடைத்தது ஒரு பெல்ட் கொளுக்கியும் நிறையப் போத்தல் மூடிகளும்.

நான் யோசிப்பது வேறு. இரண்டாயிரத்தில் சண்டை வந்து பளையை விட்டு ஓடியபோது, அம்மா நகைகளை பிஸ்கட் ரின்னில் போட்டுக் காணிக்குள் தாட்டு வைத்தாரே, அதை இந்த மெஷினால் எடுத்துவிடலாம். ஆவணியில் கொண்டு வருகிறேன். இத்தனை வருடம் வராதவன் வெறுங்கையோடு எப்படி அம்மா முன்னால் நிற்பது? ரின்னை அவரது மடியில் வைத்தால்தான் எனக்கு முகம் இருக்கும்.

உன் அண்ணா,
பிரதாபன்


பளை
02.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாதான் தபால்காரரிடம் வாங்கினார். "அண்ணன் ஏன் பேப்பரில எழுதுறான்? ஏதும் வருத்தமோ?" என்று கேட்டார். உங்கள் கலியாணக் கதை என்று பொய் சொல்லிவிட்டேன். இனி அது உங்கள் பாடு.

மெஷினைக் கொண்டுவர வேண்டாம், அண்ணா. அனுமதி இல்லாமல் இங்கே அதைத் தொடக் கூடாது. காணியும் இன்னும் விடுபடவில்லை. நான் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தது தெரியும்தானே. மாசியிலிருந்து எங்கள் குழு வேலை செய்வது எங்கள் பழைய வீட்டு ஒழுங்கையில்தான். பட்டம் எடுத்த பிள்ளை முழங்காலில் நின்று மண் சுரண்டுகிறது என்று சனம் கதைக்கிறது. ஆட்களோடு முகம் பார்த்துக் கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு இந்த வேலை ஒத்துவருகிறது.

எங்களுக்கும் முதல் நாள் பாடம் எடுத்தார்கள். உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. தோடும் கொண்டை ஊசியும் வீட்டில். சிவப்புத் தடிக்கு அப்பால் கால் போகக் கூடாது. ஓடக் கூடாது. மெஷினில் சத்தம் வந்தால் கண்ணிவெடி என்றே நினைக்க வேண்டும். மேலே குத்தாமல், கொஞ்சம் தள்ளியிருந்து பக்கவாட்டில் மெல்லச் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். உங்களுக்குச் சத்தம் வந்தால் சந்தோசம். எங்களுக்கு வராவிட்டால்.

போன கிழமை எங்கள் வளவுக்குள் இறங்கினோம். மெஷின் வாய் மூடவே இல்லை. ஒவ்வொன்றாகச் சுரண்டினால் எல்லாம் கூரை ஆணி. "பிள்ளை, உன்ர வீட்டு ஆக்கள் ஆணிக்கடை வச்சிருந்தவையோ?" என்று கேட்டார் எங்கள் மேற்பார்வையாளர் தவராசா அண்ணை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சோறு போட்டபடியே சிரித்தார்.

"நான்தான் வீசினனான். மெசின் கொண்டு நகை தேடுவாங்கள் எண்டு சனம் கதைச்சது. தேடட்டும் பாப்பம் எண்டு, தகரம் கழட்டின ஆணி முழுக்க எறிஞ்சு போட்டு வந்தனான்."

"அதை இப்ப நான்தான் பொறுக்கிறன், அம்மா."

"பொறுக்கு. ஒருத்தனும் நகை எடுக்கேல்லத்தானே?"

என் வெறுங்காதுதான் அவருக்குக் கவலை. துளை தூர்ந்துவிடும் என்று தினமும் தென்னோலை ஈர்க்கு முறித்துச் செருகிவிடுகிறார். அதோடுதான் வேலைக்குப் போகிறேன். ஈர்க்குக்கு மெஷின் சத்தம் போடாது.

வெறுங்கையோடு வந்தால் என்ன, அண்ணா? அம்மா உங்கள் கையையா பார்த்துக்கொண்டிருக்கிறார்?

உங்கள் தங்கை,
மேனுகா


லெஸ்ரர்
28.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஆணிக் கதை எனக்கு நினைவு வந்துவிட்டது. நீ அம்மாவின் இடுப்பில் இருந்தாய். விதைநெல் வீசுவது போல நடந்து நடந்து வீசினார். எனக்கும் ஒரு பிடி தந்தார். விளையாட்டென்று நினைத்து நானும் வீசினேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. காணி விடுபட்டதும் அம்மாவிடம் இடத்தைக் கேட்டு, ரின்னை நீயே எடுத்துக் கொடுத்துவிடு. அது கிடைத்துவிட்டால் நான் ஆவணியில் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லைத்தானே. லீவு எடுப்பதும் கஷ்டம். அடுத்த வருடம் ஆறுதலாகப் பார்க்கலாம்.

மெஷினை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். நீ வேலையில் கவனம்.

அண்ணா


பளை
16.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

காணியைக் கையளித்துவிட்டார்கள். அடுத்த நாளே அம்மாவும் நானும் போனோம். அம்மா கிணற்றுக் கட்டில் முதுகை வைத்து, தலை போன இரண்டு தென்னைக்கும் நடுவே பார்த்து, நேரே நடந்து போய் நின்றார். "இதில வெட்டு." நாங்கள் துப்புரவாக்குவது மேல்மண்ணைத்தான். அதனால் தவராசா அண்ணையைக் கூப்பிட்டு, அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே மண்வெட்டி போட்டேன்.

ரின் இருந்தது, அண்ணா. மூடி கறள் பிடித்து இறுகியிருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்து, காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே கிலுங்கியது. திறக்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குது. திரும்ப வை."

"உங்களுக்கென்ன விசரே, அம்மா?"

"நீ எடுத்தா அவன் ஏன் வாறான்? போனில 'சந்தோசம் அம்மா' எண்டிட்டு அங்கயே இருந்திடுவான். என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதே?"

உங்கள் கடிதத்தை நான் காட்டவில்லை. சத்தியமாக.

"அப்ப எனக்குத் தாறன் எண்ட உங்கட தோடு?" என்று கேட்டேன்.

"அதுவும் அதுக்குள்ளதான். உனக்கெண்டு வச்சது. கொண்ணன் வந்து எடுத்துத் தருவான்."

திரும்ப வைத்தேன். மண்ணை இறுக்கி, பெயர்த்த புல்லையும் அப்படியே பதித்து மிதித்துவிட்டேன். உங்கள் சங்கத்து ஆட்கள் வந்தாலும் இடம் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால், அம்மா பையிலிருந்து ஒரு பிடி ஆணி எடுக்கிறார். நான் பொறுக்கிக் கொண்டுவந்த அதே ஆணிகள்! ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ர முழங்கால் நோ இன்னும் மாறேல்லை அம்மா" என்ற பிறகுதான் பைக்குள் போட்டார். படலை இல்லை. இரண்டு தடியைக் குறுக்கே கட்டிவிட்டு வந்தோம்.

மெஷின் அலுமாரிக்கு மேலேயே இருக்கட்டும். மண்வெட்டி இங்கே இருக்கிறது. காணிக்காரரையும் கேட்டாயிற்று, ஓம் என்கிறார். வெட்டுவது உங்கள் கையாக இருக்க வேண்டுமாம்.

இன்று காலை இடது காதில் ஈர்க்கு இறங்கவில்லை. அம்மா எண்ணெய் தடவித் தடவித்தான் செருகினார். அது தூர்ந்துபோக முன் வாங்கோ, அண்ணா.

மேனுகா