அரைப் பெட்டிக்கும் இடம் உண்டு

ஜூன் 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். நானும் உங்கம்மாவும் சௌக்கியம். நீ நல்லா இருக்கணும். போன்லயே சொல்லிடலாம்னு பார்த்தா, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள உங்கம்மா பிடுங்கிக்கிறா. சாப்பிட்டியா, தூங்கினியா, முடி கொட்டுதான்னு அவ விசாரணை முடியறப்போ உனக்கு மீட்டிங் வந்துடுது. கடிதத்தை யாரும் நடுவுல பிடுங்க முடியாது பாரு.

விஷயத்துக்கு வரேன். திட்டாதே. என் கம்பெனிக்கு முதலீடு கேட்டு உங்க நிறுவனத்துல விண்ணப்பம் போட்டுட்டேன்.

வேற எங்கேம்மா போறது? வங்கி மேனேஜர் என் நரைச்ச தலையைப் பார்த்துட்டு, "ஸ்டார்ட்அப்னா சின்ன வயசுக்காரங்க சமாச்சாரமாச்சே சார்"னு சிரிக்கிறார். மத்த முதலீட்டுக்காரங்க எல்லாம் பெரிய பண்ணைகளுக்கு விக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்களேன்னு புத்தி சொல்றாங்க. லாபத்தையும் கேட்டு, சின்ன விவசாயிக்கு என்ன நல்லது நடந்ததுன்னும் சேர்த்துக் கேக்கிற இடம் உங்களதுன்னு நீதானே பெருமை அடிச்சுக்குவே? அதான் வந்து நிக்கிறேன்.

என் குளிர் அறைக்கு என்ன குறைச்சல்? வாழ்நாள் பூரா கம்பெனிகளோட பெரிய பெரிய குளிர் கிடங்கைப் பழுது பார்த்தவன் நான். லாரி லாரியா சரக்கு வச்சிருக்கிறவனுக்குத்தான் அங்கே கதவு திறக்கும். கால் ஏக்கர்ல தக்காளி போட்டவன் பறிச்ச அன்னைக்கே வந்த விலைக்குத் தள்ளிட்டுப் போவான். அந்த வயித்தெரிச்சல்லதானே ஓய்வு வாங்கின கையோட இதை ஆரம்பிச்சேன். கூரையில சோலார் பலகை, கீழே ஒரு குளிர் அறை. பெட்டிக்கு இவ்வளவுன்னு வாடகை, அரைப் பெட்டின்னாலும் உள்ளே வா. போன்லயே இடம் பிடிக்கலாம், சந்தையில விலை ஏறினா மெசேஜ் வரும். அந்த போன் வேலையெல்லாம் என் பார்ட்னர் பொண்ணு எழுதினது. என்னைவிட முப்பது வயசு சின்னவ, ஆனா என்னை "சீனியர்"னு கூப்பிட்டே வேலை வாங்கிடுவா.

இந்த ஒரு அறையோட நின்னுட்டா அது கடை. பக்கத்துல இருக்கிற ஊர்களுக்கும் போனாத்தான் கம்பெனி. அதுக்குத்தான் உங்க பணம். உன் முதலாளி அம்மா காதுல ஒரு வார்த்தை போட்டு வை.

உன் அப்பா
(இப்போதைக்கு முதலாளியும்கூட)


ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு வார்த்தை என்ன, பல வார்த்தை போட்டுட்டேன். "விண்ணப்பம் போட்டிருக்கிறவர் என்னைப் பெத்த அப்பா, இந்த ஃபைல் என் பக்கமே வரக்கூடாது"ன்னு எழுதியே குடுத்துட்டேன். திருப்தியா?

எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏம்ப்பா இப்படி? உங்க ஃபைல் இப்போ எங்க சீனியர் ஒருத்தர்கிட்ட இருக்கு. நாங்க கண்ணாடி சார்னு கூப்பிடுவோம். மூக்கு மேல ஒரு கண்ணாடி, நெத்தியில இன்னொண்ணு, மூணாவதைத் தேடிட்டு இருப்பார். மனுஷன் தங்கம். ஆனா கணக்குல கெட்டி. அவர்கிட்ட உங்களைப் பத்தி நான் மூச்சு விட மாட்டேன், நீங்களும் என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. என் மேஜைக்கு வர்ற மத்த கம்பெனிக்காரங்களுக்கும் பொண்ணுங்க இருக்காங்க, அவங்க யாரும் இங்கே வேலை பார்க்கலை.

இவ்வளவு கத்தினதுக்கு அப்புறம் ஒண்ணு சொல்றேன். உங்க விண்ணப்பம் வந்த அன்னைக்கு பக்கத்து சீட்டுக்காரி, "அறுபது வயசுக்கு மேல ஸ்டார்ட்அப்பா, யாருடி இந்த ஹீரோ?"ன்னா. எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு. எங்கப்பான்னு சொல்ல முடியாம தண்ணி குடிச்சேன்.

இனிமே கம்பெனி விஷயம் எழுதாதீங்க. முட்டி வலி எப்படி இருக்கு, அம்மா கண்ணுக்கு மருந்து விடறாங்களா, அதை எழுதுங்க. போட்டோ அனுப்புங்க.

அன்புடன்,
உங்க மகள்


ஜூலை 2

அன்பு மகளுக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கு. அம்மா கண்ணுக்கு மருந்து விடறா, பாதி கன்னத்துல போகுது. ஆச்சா? இனி கம்பெனி விஷயம்.

எழுதாதேன்னா எப்படிம்மா முடியும்? நெஞ்சு வெடிச்சிடும். அறை நிறைஞ்சிடுச்சு! தரையிலேர்ந்து கூரை வரைக்கும், ஒரு பெட்டி வைக்க இடமில்லை. உனக்குத் தெரியாது, குளிர்சாதனக்காரனுக்குக் காலி அறைன்னாலே ஆகாது. காலி அறையைக் குளிர வைக்கிறது ஆளில்லாத வீட்டுல விளக்கெரிக்கிற மாதிரி. கதவைத் திறந்தா குளிர் அப்படியே வெளியே ஓடும், மோட்டார் முக்கி முனகும். நிறைஞ்ச அறைன்னா சரக்கே குளிரைப் பிடிச்சு வச்சுக்கும். வெயில் இல்லாத நாள்லகூட வெப்பமானி முள் அசையறதில்லை. போன மாசம் பேட்டரி செலவு பாதியாக் குறைஞ்சது.

எல்லாம் ஒரு ஐடியாதான். மாச வாடகைக்கு வரிசை வரிசையா அலமாரியை விட்டுட்டேன். நம்ம கூட வாக்கிங் வர்ற காய்கறி மொத்த வியாபாரி இருக்காரே, அவர்தான் தனக்குத் தெரிஞ்ச விவசாயிகளை எல்லாம் சேர்த்துவிட்டார். வாடகை முன்பணமா கையில வந்துடுது. அடுத்த மாசம் உங்க கண்ணாடி சார் பார்க்க வராராம். வரட்டும். மூணு கண்ணாடியையும் போட்டுக்கிட்டுப் பார்க்கட்டும்!

போட்டோ வச்சிருக்கேன். உள்ளே நிக்கிறது உங்கம்மா. போர்வையைச் சுத்திக்கிட்டு, "இந்த மனுஷனுக்கு வீட்டுல ஒரு ஃபேன் போடத் துப்பில்லை, தக்காளிக்கு ஏசி"ன்னு திட்டிட்டே போஸ் குடுத்தா.

உன் அப்பா


ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா போட்டோவை என் மேஜையில ஒட்டி வச்சிருக்கேன். திட்டிட்டே சிரிக்க அவங்களாலதான் முடியும்.

பார்த்துட்டே இருந்ததுல அம்மாவுக்குப் பின்னாடி இருக்கிறதும் கண்ணுல பட்டுது. எல்லாம் ஒரே நீலப் பெட்டி. ஒரே அளவு தக்காளி, ஒரே தரம், ஒரே பச்சைக் கயிறு. போன வருஷம் நான் வந்திருந்தப்போ உங்க அறை எப்படி இருந்தது தெரியுமா? ஒரு பெயிண்ட் வாளி, ரெண்டு பிஸ்கெட் அட்டைப்பெட்டி, துணியில கட்டின மூட்டை. பெரிசும் சின்னதுமா, பாதி காயும் பாதி பழமுமா இருந்தது. சின்ன விவசாயிங்க பத்து பேர் சேர்ந்தா அப்படித்தான் இருக்கும். அதைத்தான் வேலையில தினம் பார்க்கிறேன்.

அப்பா, உள்ளே எவ்வளவு இருக்குன்னு எழுதினீங்க. யாரோடதுன்னு எழுதலை. அத்தனையும் அந்த வியாபாரியோடதுதானே? விவசாயிங்க பேர்ல அலமாரியை எடுத்து, விலை இறங்கினப்போ அவங்ககிட்டயே வாங்கி உள்ளே அடுக்கிட்டு, ஏறினதும் விக்கிறார். நீங்க அவருக்குக் கிடங்கு நடத்திட்டு இருக்கீங்க. பாவம், உங்களுக்கு அது தெரியலை. முள் அசையலைங்கிற சந்தோஷத்துல நீங்க உள்ளே இருக்கிற பெட்டியைப் பார்க்கவே இல்லை.

இப்போ என் நிலைமையைக் கேளுங்க. சொல்லாம இருந்தா சின்ன விவசாயிக்குன்னு வச்சிருக்கிற பணம் அந்த வியாபாரிக்குப் போகும். சொன்னா உங்க கம்பெனி போகும். உங்களுக்கு முன்கூட்டியே எழுதறதும் தப்புதான், அதையும் ஒத்துக்கத்தான் போறேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கேன். நீங்களே கண்ணாடி சாருக்குச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன். பயமுறுத்தறதுக்காக எழுதலைப்பா. எழுதவே கை வரலை.

உங்க மகள்


ஜூலை 20

மதிப்பிற்குரிய முதலீட்டு அதிகாரி அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். எங்கள் நிறுவனத்தின் சரக்குப் பெட்டிகளின் நிறம் குறித்துத் தாங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி.

எமது நிறுவனம் யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. இடம் கேட்டவர்களுக்கு இடம் கொடுத்தோம். மேற்படி வியாபாரி வாடகை கட்டியதால்தான் பேட்டரி மாற்ற முடிந்தது, பார்ட்னர் பொண்ணுக்குச் சம்பளம் போட முடிந்தது. அரைப் பெட்டி வாளிப் பெட்டின்னு பார்த்துட்டு இருந்தா எப்பவோ ஷட்டரை இழுத்துப் பூட்டியிருப்பேன். ஒரு போட்டோவை வச்சுக்கிட்டு அங்கே ஏசி ரூம்ல உக்காந்து தீர்ப்பு எழுதறது சுலபம்டி. ராத்திரி பகல் பார்க்காம நின்னவனுக்குத்தான் தெரியும்.

பெத்த பொண்ணே அப்பனைக் காட்டிக் குடுப்பாளா? தாராளமாச் சொல்லு. யாருக்கு வேணா சொல்லு.

இப்படிக்கு,
நிர்வாக இயக்குநர்

பின்குறிப்பு: உங்கம்மா உன்னை நலம் விசாரிக்கச் சொன்னாள். நான் விசாரிக்கவில்லை.


ஆகஸ்ட் 1

அப்பா,

சொல்லிட்டேன்.

நேத்து வரைக்கும் உங்க கடிதம் வருமா, போன் வருமான்னு பார்த்தேன். நானே ரெண்டு தடவை பண்ணினேன், அம்மாதான் எடுத்தாங்க. "உங்கப்பா மொட்டை மாடியில சோலார் துடைக்கிறார், கூப்பிட்டா காது கேக்காத மாதிரி நடிக்கிறார்"னாங்க. சரின்னு இன்னைக்குக் காலையில கண்ணாடி சார் ரூமுக்குப் போனேன். நீலப் பெட்டி, வியாபாரி, உங்களுக்கு நான் எழுதினது, ஒண்ணுவிடாமச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சார். "உங்கப்பா நேத்து சாயங்காலமே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரேம்மா. உங்களுக்குத் தெரியாதா?"ன்னார்.

ரூமை விட்டு வெளியே வந்தேன். லிஃப்ட்ல நின்னு, ஏறினவங்க இறங்கினவங்க எல்லார் முன்னாடியும் அழுதேன். ஏம்ப்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? ராத்திரி முழுக்க உங்களை நடுத்தெருவுல நிறுத்தப் போறோமேன்னு புரண்டுட்டு இருந்தேன். உங்க மேல இருக்கிற கோபத்துக்கு நேர்ல இருந்தா சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். அப்புறம் கட்டிப் பிடிச்சிருப்பேன்.

முதலாளி அம்மா கூப்பிட்டுக் கண்டிச்சாங்க, உங்களுக்கு முன்கூட்டியே எழுதினதுக்கு. நியாயம்தானே, வாங்கிக்கிட்டேன். முதலீடு கிடைக்குமா கிடைக்காதான்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

நீங்க விசாரிக்கலைன்னாலும் நான் நல்லா இருக்கேன்.

உங்க மகள்


செப்டம்பர் 9

அன்பு மகளுக்கு,

விசாரிக்கிறேன்மா. நல்லா இருக்கியா?

உனக்கு அந்தக் கோபக் கடிதத்தைப் போட்டுட்டு, அறைக்கு வெளியே பெஞ்சைப் போட்டு உக்காந்தேன். நீ சொன்னது பொய்னு நிரூபிக்கணும்னுதான் உக்காந்தேன். ஒரு அம்மா அவரைக்காயை வாளியில தூக்கிட்டு வந்தா. போனைப் பார்த்தா, "இடமில்லை"ன்னு இருந்தது. வாளியை மறு கைக்கு மாத்திக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா. அவ பின்னாடி இன்னொருத்தன் வந்தான். யாரையும் வெளியே தள்ளலைன்னு எழுதினேனே, அந்த ஆளுங்க தினம் வந்துட்டுத்தான் போயிருக்காங்க. உள்ளே முள்ளைப் பார்த்துட்டு இருந்தவனுக்கு வாசல் தெரியலை.

வியாபாரிகிட்டப் போய், மாச வாடகை இனி கிடையாதுன்னேன். முன்பணத்தைத் திருப்பிக் குடுத்தேன். பிழைக்கத் தெரியாதவன்னு சொல்லிட்டுப் போனார். இப்போ எதிர்ப்பக்கமா வாக்கிங் போறார். அப்புறம்தான் உங்க ஆபீசுக்கு போன் பண்ணினேன். உனக்கு ஏன் சொல்லலைன்னா, வீம்பு. சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடுமேன்னு. நீ லிஃப்ட்ல அழுதேன்னு படிச்சதும் உங்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு, இன்னும் எனக்கு ரெண்டாவது காபி கிடையாது.

கண்ணாடி சார் வந்தப்போ அறையில கால்வாசி சரக்குகூட இல்லை. பெருமை அடிச்சுக்க ஒரு மண்ணும் இல்லாம நின்னேன். மனுஷன் பெட்டியை விட்டுட்டு வாசல்லயே ரொம்ப நேரம் நின்னு வர்றவங்ககிட்டப் பேசினார். போன வாரம் முடிவு வந்தது. குடுக்கிறாங்கம்மா! கேட்டதுல பாதி. மீதி, உள்ளே யாரோட சரக்கு இருக்குன்னு அடுத்த வருஷம் பார்த்துட்டு. அதோட ஒரு நிபந்தனை: ஒரு பக்கம் முழுக்க எப்பவும் காலியா இருக்கணும், சொல்லாம வர்ற சின்ன விவசாயிக்காக.

காலியா! எங்கிட்டப் போய்! ரெண்டு நாள் தூக்கம் வரலை. அப்புறம் தோணிச்சு. இருக்கிற தண்ணி கேனை எல்லாம் நிரப்பி அந்தப் பக்கம் அடுக்கிட்டேன். தண்ணியும் குளிரைப் பிடிச்சு வைக்கும்தானே? யாராவது சரக்கோட வந்தா ஒரு கேனை வெளியே எடுத்துட்டு அந்த இடத்தைக் குடுக்கிறேன். வெளியே வந்த ஜில்லுத் தண்ணியை உங்கம்மா வந்தவங்களுக்குக் குடிக்கக் குடுக்கிறா. முன்னாடி உங்க கம்பெனின்னு சொன்னவ, இப்போ நம்ம கம்பெனிங்கிறா.

இன்னைக்குச் சாயங்காலம் உள்ளே ஒரு கேன்கூட இல்லை. எல்லாம் வெளியே, சுவரோரமா. உள்ளே வாளியும் மூட்டையும் கோணல் மாணலா அடுக்கி, பார்க்கச் சகிக்கலை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பார்ட்னர் பொண்ணு போட்டோ எடுத்தா. இதோட வச்சிருக்கேன், நல்லாப் பாரு.

உன் மேல எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியலை. ஒண்ணு மட்டும் சொல்றேன். நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் எங்கேயாவது நல்ல மனசோட ஆரம்பிச்சு, அறை நிறைஞ்சுடுச்சுன்னு துள்ளிக் குதிச்சு உனக்கு போட்டோ அனுப்புவான். அவனுக்கு மனசு நோகுமேன்னு பார்க்காதே, உள்ளே இருக்கிறது யாரோடதுன்னு என்னைக் கேட்ட மாதிரியே கேளு. பாவம், அவனுக்கு அங்கே மகள் இருக்க மாட்டா.

உன் அப்பா